ஒதுக்கியாச்சுன்னு சொல்றாங்க, காசு எங்க? மாநில பட்ஜெட்டையும் கையிருப்பையும் படிக்கிற விதம்

மதுரை மெட்ரோவுக்கு 8,500 கோடின்னு 2023 மார்ச் 20ஆம் தேதி பட்ஜெட்டுல வாசிச்ச அன்னைக்கு செல்லூர்ல எங்க தெரு முக்கு டீக்கடைல ஒரே கொண்டாட்டம். திருமங்கலத்துல ஏறி ஒத்தக்கடைல எறங்கிறலாம், காசெல்லாம் எடுத்து வச்சிட்டாய்ங்கண்ணேன்னு ஒரு தம்பி எங்கிட்ட அடிச்சுச் சொன்னான். எடுத்து வைக்கலப்பா, இந்தத் திட்டத்துக்கு இம்புட்டு ஆகும்னு வாசிச்சிருக்காங்க, அம்புட்டுத்தேன்னு சொன்னதுக்கு என்னைய எதிர்க்கட்சிக்காரன் மாதிரி பாத்தான். பெறகு திட்ட அறிக்கைல தொகை 11,000 கோடியத் தாண்டுச்சு, 2025 நவம்பர்ல மக்கள்தொகை பத்தலன்னு மத்திய அரசு அதத் திருப்பி அனுப்பிருச்சு. இப்ப அதே தம்பி கேக்குறான், அந்த 8,500 கோடி எங்கண்ணே போச்சு, எவன் அடிச்சான்னு. எவனும் அடிக்கல. அது எங்கயும் இருக்கவே இல்ல.

நான் மதுரைல ஒரு அரசு ஆபீஸ்ல கணக்குப் பிரிவுல 29 வருஷம் ஓட்டிட்டு ரிட்டயர்டு ஆனவன். பட்ஜெட் போடுறது பெரிய மூளைக்காரங்க வேலைன்னு நெனைச்சு நம்ம ஆளுக ஒதுங்கிர்றாங்க, இத்தனைக்கும் 2011ல இருந்து 2025 வரைக்கும் பட்ஜெட் வாசிச்ச மந்திரிமாரு பாத்தீங்கன்னா, நடுவுல 2017ல கொஞ்ச மாசம் தவிர, எல்லாரும் நம்ம பக்கத்து ஆளுகதான், ஓ.பன்னீர்செல்வம் போடி, பழனிவேல் தியாகராஜன் மதுரை மத்தி, தங்கம் தென்னரசு திருச்சுழி. கஜானா சாவி நம்ம ஊருப் பக்கமே சுத்திக்கிருந்தும் கஜானாக் கணக்கு நமக்குப் படிக்கத் தெரியல. தெரு விளக்கு, பள்ளிக்கூட கட்டடம், கண்மாய்க் கரைன்னு எதுக்காச்சும் மனு எழுதிக்கிட்டு அலையிற ஆளா நீங்க இருந்தா இத ஒருவாட்டி பொறுமையா படிங்க, அலைச்சல் பாதி கொறையும்.

மொதல்ல 80 பக்க நோட்டு ஒண்ணு வாங்கிக்கிருங்க. மொபைல்ல எழுதி வச்சா தொலைஞ்சு போகும், எனக்கு ரெண்டுவாட்டி ஆச்சு. நோட்டுல மொத பக்கத்துல மூணு கட்டம் போடுங்க, ஏன்னா அரசாங்கத்துக்கு காசு மூணு எடத்துலதான் கெடக்கு. ஒண்ணு தொகுப்பு நிதி. வரி, மத்திய அரசு பங்கு, வாங்குற கடன் எல்லாம் இதுக்குள்ளதான் விழுகும், சட்டமன்றம் ஓட்டுப் போட்டு சட்டம் போடாம இதுல இருந்து அஞ்சு பைசா எடுக்க முடியாது. ரெண்டாவது எதிர்பாராச் செலவு நிதி. வெள்ளம், புயல் மாதிரி சட்டமன்றம் கூடுற வரைக்கும் காத்திருக்க முடியாத செலவுக்கு இதுல இருந்து முன்பணமா எடுத்துட்டு, பெறகு துணை மதிப்பீட்டுல, அதாவது நடுவருஷத்துல கூடுதலாக் கேக்குற கணக்குல, சபையோட அனுமதி வாங்கி திரும்ப நெரப்பி வைக்கணும். சின்ன டப்பாதான், அஞ்சறைப் பெட்டிக்கு அடில அம்மா சொருகி வைக்கிற நோட்டு மாதிரி.

மூணாவது பொதுக் கணக்கு, இங்கதான் நெறைய பேரு ஏமாறுறது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விசேஷம் வச்சா மொய் விழுகும்ல, அன்னைக்கு ராத்திரி பாயில காசக் கொட்டி எண்ணும்போது லட்சக் கணக்குல இருக்கும், ஆனா அது நம்ம காசா? மொய் நோட்டுல எழுதியிருக்கு, ஒவ்வொருத்தன் வீட்டு விசேஷத்துக்கும் திருப்பி செய்யணும். பொதுக் கணக்கு அப்படித்தான். அரசு ஊழியர் சேமநல நிதி, காண்டிராக்டர் கட்டுன டெபாசிட், கோர்ட்டு டெபாசிட், உள்ளாட்சி அமைப்புகளோட பணம் எல்லாம் இதுல கெடக்கும். அரசாங்கம் கைல வச்சிருக்கு, புழங்கிக்கிருக்கு, ஆனா என்னைக்கு இருந்தாலும் திருப்பிக் குடுக்க வேண்டிய காசு. அதனால இதுல இருந்து எடுக்க சட்டமன்ற ஓட்டு வேண்டாம். கஜானால இம்புட்டு காசு இருக்கு, குடுக்க மாட்டேங்குறாய்ங்கன்னு எவனாச்சும் மேடைல பேசுனா, மொய்க் காசையும் சேத்தா எண்ணுறீங்கன்னு மனசுல ஒருவாட்டி கேட்டுக்கங்க.

அடுத்து கணக்கு நம்பர். இத ஒருவாட்டி பழகிட்டா பட்ஜெட் புத்தகம் ரயில் நம்பர் மாதிரி ஆயிரும். ஒவ்வொரு வரவு செலவுக்கும் நாலு இலக்க தலைப்பு ஒண்ணு இருக்கும். மொத இலக்கம் 0 இல்ல 1னா வருவாய், 2 இல்ல 3னா அன்றாடச் செலவு, அதாவது சம்பளம், மானியம், பராமரிப்பு. 4 இல்ல 5னா மூலதனச் செலவு, கட்டடம், ரோடு, பாலம். 6 இல்ல 7னா கடன் குடுக்குறது வாங்குறது. 8ல ஆரம்பிச்சா நான் சொன்ன மொய் நோட்டு, 8000 மட்டும் எதிர்பாராச் செலவு நிதி. ரோடு போடப்போறோம்னு அறிவிச்சிருக்காங்கன்னு வைங்க, நீங்க தேட வேண்டியது 5054. ஆனா அவங்க சொன்ன தொகை 3054ல கெடந்தா அது புது ரோடு இல்ல, பழைய ரோட்டுக்கு ஒட்டுப் போடுற பராமரிப்புன்னு அர்த்தம். உள்ளாட்சிப் பணம் 8448, ரிசர்வ் வங்கில இருக்குற இருப்பு 8675, கையிருப்பு 8999. இந்த அஞ்சாறு நம்பர நோட்டோட அட்டைலயே எழுதிருங்க.

புத்தகம் எங்க கெடைக்கும்னா, நிதித்துறையோட பட்ஜெட் இணையதளத்துலயே எல்லாம் இருக்கு, காசு குடுக்க வேண்டாம். பட்ஜெட் உரைய படிக்காதீங்கன்னு சொல்லல, ஆனா அது கல்யாணப் பத்திரிகை மாதிரி, பந்தில என்ன போட்டாங்கன்னு அதுல இருக்காது. பந்தியப் பாக்கணும்னா மானியக் கோரிக்கைப் புத்தகம், அதாவது துறைவாரியா இம்புட்டு செலவு பண்ண அனுமதி குடுங்கன்னு சபைகிட்ட கேக்குற புத்தகம். துறைக்கு ஒரு நம்பர், மருத்துவம் 19, நெடுஞ்சாலை 21, நகராட்சி நிர்வாகம் 34, ஊரக வளர்ச்சி 42, பள்ளிக் கல்வி 43. ஒவ்வொரு வரிக்கும் நாலு பத்தி ஓடும். ரெண்டு வருஷத்துக்கு முந்தி நெசமா செலவானது, போன வருஷம் போட்ட மதிப்பீடு, அதத் திருத்துன மதிப்பீடு, இந்த வருஷ மதிப்பீடு. எல்லாரும் கடைசிப் பத்தியத்தான் பாப்பாங்க. நீங்க மொதப் பத்தியப் பாருங்க, அது மட்டுந்தான் நடந்து முடிஞ்ச சங்கதி, மத்த மூணும் நெனைப்பு. ரெண்டாம் பத்திக்கும் மூணாம் பத்திக்கும் பெரிய எறக்கம் இருந்தா அந்த வேலை நடுவுல நின்னு போச்சுன்னு புரிஞ்சிக்கலாம்.

இன்னொண்ணு, தொகையெல்லாம் ஆயிரத்துல போட்டிருப்பாங்க. 1,00,00ன்னு இருந்தா அது ஒரு கோடி. பின்னால மூணு சைபர் சேக்க மறந்துட்டு எங்க ஏரியாவுக்கு வெறும் பத்தாயிரந்தானான்னு ஒருத்தர் எங்கிட்ட சண்டைக்கே வந்துட்டாரு. அதே நேரம் சில வரிக்கு எதுக்கால வெறும் 1ன்னு மட்டும் இருக்கும், அது அடையாளத் தொகை, ஆயிரம் ரூபா. புதுசா ஒரு பணிய ஆரம்பிக்க சபை அனுமதி வேணும், காசு எம்புட்டுன்னு இன்னும் முடிவாகல, இல்லாட்டி வேற தலைப்புல மிச்சமாகுறதத் திருப்பி விடப்போறாங்க, அதுக்காக கதவத் தெறந்து வைக்கிறாங்க. துணை மதிப்பீட்டுல இந்த ஆயிரம் ரூபா வரிக நெறைய வரும். ஆயிரம் ரூபாயில பாலமான்னு சிரிக்க வேண்டாம், அதே சமயம் பாலம் வந்துருச்சுன்னு பட்டாசும் போட வேண்டாம்.

பழகிப் பாக்குறதுக்கு நான் எல்லார்கிட்டயும் சொல்றது மானியக் கோரிக்கை எண் 1. அதுதான் சட்டமன்றத்தோட சொந்த பட்ஜெட், சின்னது, ஒக்காந்தா ஒரு மணி நேரத்துல படிச்சிரலாம். கணக்குத் தலைப்பு நம்பர் 2011. உறுப்பினர் சம்பளம், படி, சட்டமன்றச் செயலக ஊழியர் சம்பளம், குழுக்கள் ஊர் ஊராப் போயி ஆய்வு பண்ற பயணச் செலவு எல்லாம் இதுக்குள்ள இருக்கு. 234 பேரு, ஒருத்தருக்கு மாசம் 1,05,000ன்னு 2017ல உயர்த்துனாங்க, வருஷத்துக்கு எம்புட்டுன்னு நீங்களே பெருக்கிப் பாத்துட்டு புத்தகத்துல இருக்குற தொகையோட ஒட்டுதான்னு பாருங்க, அப்பறம் எந்த துறை புத்தகத்தையும் தைரியமாத் தொறப்பீங்க. படிக்கும்போது ஒண்ணு கண்ணுல படும், சபாநாயகர், துணை சபாநாயகர் சம்பளத்துக்கு மட்டும் ஓட்டெடுப்பு கெடையாது, அது தொகுப்பு நிதி மேல சுமத்தப்பட்ட செலவு. ஹைகோர்ட் நீதிபதி சம்பளம், ஆளுநர் செலவு, அரசாங்கம் வாங்குன கடனுக்கு வட்டி இதெல்லாம் அந்த வகை. சபைல பேசலாம், ஓட்டுப் போட்டு வெட்ட முடியாது. எதிர்க்கட்சி கொண்டு வர்ற வெட்டுத் தீர்மானம்லாம் மத்த செலவு மேலதான்.

சட்டமன்றத்துக்குன்னு தனி உண்டியல் இருக்கான்னு ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாதிரி மாநிலத்துல சட்டமன்றமே வருஷா வருஷம் மிச்சமாகுற காச தன் கையிருப்பா வச்சிக்கிருக்கு, பட்ஜெட் முடியாம இழுத்துக்கிட்டுப் போனா தங்க சம்பளமும் ஆபீசும் நின்னுறக்கூடாது, கவர்னர் கைய எதிர்பாக்கக்கூடாதுங்கிறதுதான் அதுக்கு அவங்க சொல்ற காரணம். அங்க உள்ள ஜனங்க அதையே இதுக்கு இம்புட்டு சேத்து வைக்கணுமான்னு திட்டுறதும் உண்டு. நம்மகிட்ட அந்தப் பேச்சே கெடையாது. கோடிக்கணக்கான ரூபாய்க்கு அனுமதி குடுக்குற சபைக்கே மார்ச் 31 ராத்திரிக்கு மேல மிச்சக் காசு சொந்தமில்ல, செலவாகாத ஒதுக்கீடு அன்னையோட செத்துப் போகும். சட்டமன்றத்துக்கே அப்படின்னா செல்லூர் கால்வாய்க்கு என்ன கதின்னு நெனைச்சுப் பாருங்க.

அதனால ஒதுக்கீடுங்கிறத காசுன்னு எடுத்துக்காதீங்க, அது செலவு பண்ணிக்கலாம்கிற அனுமதிச் சீட்டு, அதுலயும் தேதி போட்ட சீட்டு. காசு தனியா வரணும், அது வேற ரூட்டு.

அந்த ரூட்டப் பாக்குறதுக்கு முந்தி மொத்தக் கணக்கையும் ஒருவாட்டி கூட்டிக் கழிச்சுப் பாத்துருவோம். 2025 மார்ச் 14ல வச்ச 2025-26 பட்ஜெட்ட எடுத்துக்கங்க. வருவாய் வரவு சுமார் 3,31,569 கோடி, வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. கழிச்சா 41,635 கோடி துண்டு விழுது, இதுதான் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அரிசி பருப்பு வாங்கவே கடன். அதோட மூலதனச் செலவு 57,231 கோடியக் கூட்டுங்க, அரசு மத்தவங்களுக்குக் குடுக்குற நிகரக் கடன் ஒரு 8,100 கோடி வாக்குல சேருங்க, 1,06,963 கோடி வரும், அது நிதிப் பற்றாக்குறை, அந்த வருஷம் மொத்தமா வெளிய பெரட்ட வேண்டிய தொகை. வரவுல சம்பளத்துக்கு சுமாரா 90 ஆயிரம் கோடி, பென்ஷனுக்கு 41 ஆயிரம் கோடி, வட்டிக்கு 70 ஆயிரம் கோடி, இந்த மூணுமே ரெண்டு லட்சம் கோடியத் தாண்டிருது. இதுல எதையும் மந்திரி நெனைச்சா நிறுத்த முடியாது. மிச்சத்துலதான் மானியம், இலவச பஸ், உரிமைத் தொகை, உங்க வார்டு எல்லாம். 2021 ஆகஸ்ட் 9ல மாநில நிதி நிலைமை பத்தி வெள்ளை அறிக்கை விட்டப்ப ஒரு குடும்பத்து தலைல 2,63,976 ரூபா கடன்னு சொன்னாங்க, அன்னைக்கு எங்க வீட்டம்மா இதுக்கு கையெழுத்து யாரு போட்டதுன்னு கேட்டா, பதில் சொல்ல எனக்கு வாய் வரல.

சரி, காசு எப்ப வருது எப்ப போகுதுன்னு பாக்கணும். நோட்டுல ஒரு பக்கத்துல மாசம் 1ல இருந்து 31 வரைக்கும் எழுதிக்கிருங்க. வரவுப் பக்கம், மத்திய வரில நமக்கு உண்டான பங்கு, 2025-26 வரைக்கும் 15ஆவது நிதிக்குழு கணக்குப்படி 4.079 சதவீதம், பெரும்பாலும் மாசம் 10ஆம் தேதி வாக்குல தவணையா வரும். ஜிஎஸ்டி மாசம் 20 ஒட்டி. டாஸ்மாக் மட்டுந்தான் நாள் தவறாம வர்ற காசு, 2024-25ல 48,344 கோடி, நாளைக்கு 130 கோடிக்கு மேல, நல்லதோ கெட்டதோ கஜானாவுக்கு அதுதான் தெனக்கூலி. பத்திரப்பதிவு நம்ம பஞ்சாங்கத்தப் பாத்து ஓடுற வருமானம், ஆடில எவனும் எடம் பதிய மாட்டான், ஆவணி மொத முகூர்த்தத்துல சார்பதிவாளர் ஆபீஸ்ல கூடுதல் டோக்கன் போடுவாங்க. நிதித்துறைல ஒக்காந்து கணக்குப் போடுற ஐஏஎஸ் அதிகாரியும் ஆடி எப்பப் பொறக்குதுன்னு பாத்துத்தான் ஆகணும்.

செலவுப் பக்கம், மாசக் கடைசி வேலை நாள்ல சம்பளமும் பென்ஷனும் மொத்தமாப் போகும். 15ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை, 2023 செப்டம்பர் 15ல ஆரம்பிச்சது, 2025-26 பட்ஜெட் போட்டப்ப இருந்த 1.15 கோடி பேருக்கு ஆளுக்கு ஆயிரம்னா மாசம் 1,150 கோடி, பன்னண்டு மாசத்துக்கு 13,800 கோடி, 2025-26ல 13,807 கோடி ஒதுக்கிருந்தாங்க, கணக்கு ஒட்டிப் போகுது பாருங்க. இந்த மாதிரி ஒட்டிப் போற வரி பட்ஜெட்டுல கம்மி. தைப் பொங்கலுக்கு பரிசுத் தொகுப்பு. இந்தத் தேதிகளுக்கு முந்துன ஒரு வாரத்துல உங்க காண்டிராக்டர் பில்லு பாஸாகலன்னு பொலம்புனார்னா அவர் பொய் சொல்லணும்னு அவசியமில்ல. பெரிய பில்லுக்கு நிதித்துறைல வேஸ் அண்ட் மீன்ஸ் கிளியரன்ஸ் வாங்கணும், ஒதுக்கீடு இருந்தும் காசு இருக்கான்னு பாத்து விடுற மதகு அது. வைகை அணைல தண்ணி இருக்குங்கிறதுக்காக கள்ளந்திரி மதக எவனும் நெனைச்ச நேரத்துல தூக்க முடியாதுல்ல.

அந்த காசு மதுரை கருவூலத்துல இரும்புப் பெட்டில இருக்குன்னு நெனைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. கருவூலத்து ஸ்ட்ராங் ரூம்ல முத்திரைத்தாள் இருக்கும், கட்டுக் கட்டாப் பணம் இருக்காது. மாநிலத்தோட இருப்புக் கணக்கு ரிசர்வ் வங்கில, அதப் பாத்துக்குறது நாக்பூர்ல இருக்குற மத்தியக் கணக்குப் பிரிவு. நம்ம சேவிங்ஸ் அக்கவுண்ட் மாதிரியே குறைஞ்சபட்ச இருப்புன்னு ஒரு தொகை வச்சே ஆகணும். அதுக்கு மேல மிஞ்சுனா அந்தப் பணம் தானா 14 நாள் கருவூல பில்லுல போயி ஒக்காந்துக்கும், வட்டி கம்மி. கொறைஞ்சா ரிசர்வ் வங்கி கைமாத்துக் குடுக்கும், அதுக்கும் மாநிலத்துக்கு மாநிலம் உச்சவரம்பு, எல்லா மாநிலத்துக்கும் சேத்து 2024 ஜூலை 1ல இருந்து 60,118 கோடி. மூணு மாசம் வரைக்கும் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மத்த பேங்குகளுக்குக் கடன் குடுக்குற வட்டி, அதுக்கு மேல இழுத்தா ஒரு சதவீதம் கூட. உச்சவரம்பும் தாண்டிருச்சுன்னா ஓவர்டிராப்ட், அங்க ரெண்டு சதவீதத்துல ஆரம்பிக்கும் கூடுதல் வட்டி, தொடர்ந்து 14 வேலை நாளுக்கு மேல அதுல கெடந்தா ரிசர்வ் வங்கி பணம் பட்டுவாடாவ நிறுத்திரும்.

இந்த எடத்துல ஒரு சங்கதி, நான் வேலைல இருந்தப்பவே எனக்கு உறுத்துனது. மாநிலம் கடன் வாங்குறது கடன் பத்திர ஏலத்துல, ரிசர்வ் வங்கி பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை நடத்தும். நம்ம ஊர்ல செவ்வாய் வெள்ளி காசு வெளிய குடுக்க மாட்டாங்க, அங்க செவ்வாய்க்கிழமைதான் கோடிக்கணக்குல கை மாறுது. அத விடுங்க, இந்த ஏலத்துல வாங்குற காசுக்குக் குடுக்குற வட்டி ஜாஸ்தி, அதே காசு செலவாகாம 14 நாள் பில்லுல தூங்குனா கெடைக்கிற வட்டி கம்மி. கந்துவட்டிக்கு வாங்கி உண்டியல்ல போடுற கதை. அதனால கஜானால எப்பவும் பெரிய கையிருப்பு இருக்குறது கெட்டிக்காரத்தனம்னு நான் ஒத்துக்க மாட்டேன், கையிருப்பே இல்லாம ஓவர்டிராப்ட்ல நிக்கிறதும் அசிங்கம். நடுவுல நிக்கணும், அதுக்கு எந்த துறை எந்த மாசம் எம்புட்டு செலவு பண்ணும்னு முன்கூட்டியே தெரியணும், அத எந்த துறையும் உண்மையாச் சொல்றதில்ல. தன்னோட துறை பேர்ல பேங்குல கொஞ்சம் ஒதுக்கி வச்சிக்கிட்டு, கருவூலத்துல மறுபடி கைய நீட்டுறது ஒரு பழக்கமாவே ஆயிப் போச்சு.

ஏன் அப்படி ஒதுக்கி வைக்கிறாங்கன்னா மார்ச் 31 பயம். என் கதையவே சொல்றேன், எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க. கம்ப்யூட்டர் வராத காலம், ஒரு ஹாஸ்டலுக்குக் கூரை மாத்த வருஷம் பூரா கெஞ்சி மார்ச் 20க்கு மேல ஒதுக்கீடு வந்துச்சு. வேலை முடிச்சு பில்லு போட்டு 31ஆம் தேதி மத்தியானம் அனுப்புனோம், நாலு மணிக்கு ஆட்சேபணையோட திரும்பி வந்துச்சு, கணக்குத் தலைப்புல ஒரு இலக்கம் தப்பு. எழுதுனது நாந்தான், 4க்குப் பதிலா 2. திருத்திக்கிட்டு சைக்கிள்ல போயிச் சேந்தப்ப கவுண்டர்ல கூட்டம் வாசல் வரைக்கும், நம்பர் வர்றதுக்குள்ள நாள் முடிஞ்சு போச்சு. காசு செத்துருச்சு. காண்டிராக்டருக்கு அடுத்த வருஷம் ஆடிலதான் மறுபடி ஒதுக்கீடு வாங்கிக் குடுத்தோம், அந்த மனுஷன் நாலு மாசம் என் முகத்தப் பாக்காமப் போவாரு. அன்னைல இருந்து நாலுக்கும் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மறக்கல. இப்ப எல்லாம் களஞ்சியம் மென்பொருள்ல ஆன்லைன்ல போகுது, சைக்கிள் வேண்டாம், ஆனா மார்ச் கடைசி வாரத்து மூச்சுத் திணறல் அப்படியேதான் இருக்கு. சில ஆபீஸ்ல காசு சாகக்கூடாதேன்னு மொத்தமா எடுத்து டெபாசிட் கணக்குலயோ பேங்குலயோ போட்டுட்டு செலவாயிருச்சுன்னு எழுதிர்றாங்க. புத்தகத்துல மொதப் பத்தில செலவுன்னு நீங்க பாக்குறதுல இதுவும் கலந்திருக்கும், தணிக்கை அறிக்கைல அரசுக் கணக்கத் தணிக்கை பண்ற சிஏஜி இதத்தான் வருஷா வருஷம் குத்திக் காட்டுவாங்க. அந்த அறிக்கைய சட்டமன்றத்தோட பொதுக் கணக்குக் குழு எடுத்து விசாரிக்கும், தலைவர் வழக்கமா எதிர்க்கட்சி ஆளு. அறிக்கை வந்து வெகு காலம் கழிச்சு விசாரிக்கிறதால அப்ப தப்பு பண்ண அதிகாரி பேரன் பேத்தியோட இருப்பாரு, அது வேற.

இப்ப நடுவருஷத்துல எப்படித் தொடர்ந்து பாக்குறதுன்னா, சிஏஜி இணையதளத்துல ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாதாந்திரக் கணக்கு போடுறாங்க. ரெண்டே பக்கம். பட்ஜெட்டுல போட்டது எம்புட்டு, அந்த மாசம் வரைக்கும் நெசமா வந்தது போனது எம்புட்டுன்னு சதவீதத்தோட இருக்கும். அதுல மூலதனச் செலவு வரிய மட்டும் மாசாமாசம் நோட்டுல எழுதிட்டு வாங்க. டிசம்பர் வரைக்கும் பாதிகூடத் தாண்டலன்னா மிச்சத்த மார்ச்சுல அள்ளிக் கொட்டப் போறாங்க, இல்லாட்டி திருத்திய மதிப்பீட்டுல வெட்டப் போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிரும். பற்றாக்குறைய கம்மியாக் காட்டணும்னா எந்த அரசாங்கமா இருந்தாலும் மொத வெட்டு விழுகிறது இந்த வரிலதான், சம்பளத்துல கை வைக்க முடியாதுல்ல.

தேர்தல் வருஷம்னா இன்னும் உஷாரா இருக்கணும். 2021ல பிப்ரவரி 23 ஓபிஎஸ் இடைக்கால பட்ஜெட் வச்சாரு, தேர்தல் முடிஞ்சு ஆகஸ்ட் 13 பிடிஆர் திருத்திய பட்ஜெட் வச்சாரு, காகிதமில்லாத மொத பட்ஜெட்டு அது. நடுவுல சில மாசம் முன்பண மானியத்துல, அதாவது முழு பட்ஜெட் வர்ற வரைக்கும் சபை குடுக்குற தற்காலிக அனுமதில ஓடுச்சு, அதுல நடந்துக்கிருக்குற செலவு மட்டுந்தான், புது வேலை ஒண்ணும் தொடங்காது. அந்த மாதிரி மாசத்துல புதுப் பாலம் கேட்டு மனு குடுத்தா வாங்கி வச்சிக்குவாங்க, அம்புட்டுத்தேன்.

அறிவிச்ச தொகையும் முடிஞ்ச தொகையும் ஒண்ணா இருக்காதுங்கிறதுக்கு நம்ம கண்ணு முன்னாடி இருக்குற கட்டடமே சாட்சி. புது நத்தம் ரோட்டு கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2021 ஜூன்ல அறிவிச்சப்ப 70 கோடி, 2023 ஜூலை 15ல தெறக்கும்போது கட்டடம், புத்தகம், சாமான் எல்லாம் சேத்து 215 கோடி வாக்குல போயிருச்சு. இதத் தப்புன்னு சொல்ல வரல, அது நல்லா ஓடிக்கிருக்குற எடம், எங்க தெருப் பிள்ளைக பாதி அங்கதான் கெடக்கு. அறிவிப்பு, நிர்வாக ஒப்புதல், திருத்திய ஒப்புதல்னு ஒவ்வொரு கட்டத்துலயும் தொகை மாறும், நீங்க எந்தக் கட்டத்துத் தொகையப் பத்திப் பேசுறீங்கன்னு தெரிஞ்சு பேசுனா அதிகாரி உங்கள ஒக்கார வச்சுப் பதில் சொல்லுவாரு.

கடைசியா மனு எழுதுற முறை. எங்க ஏரியாவுக்கு ஒதுக்கிய பணம் என்னாச்சுன்னு எழுதாதீங்க, உரிய நடவடிக்கை எடுக்கப்படும்னு பதில் வரும். தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, பத்து ரூபா கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி அந்தந்த துறை பொதுத் தகவல் அலுவலருக்கு. நிர்வாக ஒப்புதல் அரசாணை எண்ணும் தேதியும் என்ன, எந்தக் கணக்குத் தலைப்பு, இந்த நிதியாண்டுல அந்தத் தலைப்புல மதுரை மாவட்டத்துக்கு எவ்வளவு பகிர்ந்து வந்தது, இன்னைய தேதி வரைக்கும் செலவு எவ்வளவு, மார்ச்சுல செலவாகாம திருப்பி ஒப்படைச்ச தொகை எவ்வளவு. இந்த அஞ்சு கேள்வி போதும், நியாயத்த எல்லாம் அதுல எழுதாதீங்க, 30 நாள்ல பதில் வரணும். அரசாணை எண்ணே இல்லன்னு பதில் வந்தா அந்த அறிவிப்பு இன்னும் காத்துலதான் இருக்கு, எம்எல்ஏவப் பாருங்க. அரசாணை இருக்கு, பகிர்வு இல்லன்னா துறைத் தலைமைக்கு எழுதுங்க. பகிர்வும் இருக்கு, செலவு இல்லன்னா தப்பு உள்ளூர் ஆபீஸ்ல, நேரா அங்க போயி நில்லுங்க. சின்ன வேலைன்னா பட்ஜெட் வரைக்கும் போகவே வேண்டாம், எம்எல்ஏ தொகுதி மேம்பாட்டு நிதின்னு வருஷத்துக்கு 3 கோடி இருக்கு, அதுல கேக்கலாம்.

நேரம் முக்கியம். பங்குனி சித்திரைல, மீனாட்சி கோயில்ல கொடியேத்த நாள் நெருங்குறப்ப சபைல மானியக் கோரிக்கை பேச்சு ஓடிக்கிருக்கும், பட்ஜெட் வந்துருச்சுன்னு அப்பத்தான் நம்ம ஆளுக மனுவத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. பந்தி போட்டு எலை நெறஞ்சாச்சு, அப்பப் போயி கத்தரிக்காய் வாங்கலயான்னா? அடுத்த வருஷ மதிப்பீடு துறை ஆபீஸ்ல எழுத ஆரம்பிக்கிறது ஐப்பசி மழை புடிக்கிறப்ப. தீபாவளிக்கு முன்னாடியே மனுவ, கணக்குத் தலைப்பு எழுதி, பழைய ஆர்டிஐ பதில் நகல வச்சு தச்சு, பட்ஜெட் பாக்குற கிளார்க் யாருன்னு விசாரிச்சு அவரு மேசைலயே குடுத்துட்டு, கைல ஒப்புகை வாங்கிக்கிட்டு வாங்க. தலைப்புல 4க்குப் பதிலா 2 எழுதிறாதீங்க.